ஏழு வருஷக் காருக்கு அறுபது வயது

எங்கள் மாநில வாகனத் துறைக்குப் போன வருஷம் திடீரென்று அழகுணர்ச்சி வந்துவிட்டது. அதற்கு முன்னால் அந்தத் துறைக்கு வந்ததெல்லாம் சந்தேகம் ஒன்றுதான். நம் பிறந்த தேதியில் சந்தேகம், நம் கையெழுத்தில் சந்தேகம், நாம் உயிரோடு இருக்கிறோமா என்பதிலேயே சந்தேகம். அழகு வந்தது இதுதான் முதல் தடவை.

1965-இல் எங்கள் மாநிலத்து நம்பர் பிளேட் கருநீலத்தில் மஞ்சள் எழுத்தோடு இருந்ததாம். அதே பிளேட்டை இன்றைய கார்களுக்கும் கொடுப்பது என்று டைரக்டர் பிராட்லி ஸ்டான்விக் முடிவு செய்தார். டி.வி.யில் தோன்றி, "இது வெறும் தகரம் இல்லீங்க. நம்ம மாநிலத்தோட முகம்" என்று கண் கலங்கினார். முகத்தை எதற்குக் காரின் பின்புறத்தில் மாட்டச் சொல்கிறார் என்று ஆர்டிஸ் கேட்டாள்.

ஆர்டிஸ் என் பக்கத்து வீட்டுக்காரி. இருபத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவள், ஊரில் பாதிப் பேரின் பொய்யான லீவு லெட்டரைப் படித்தவள். அவள் கணவன் லாய்ட் ஹெம்ப்கேயும் நானும் முப்பத்தோரு வருஷம் ஒரே காகித ஆலையில் வேலை பார்த்தோம். லாய்ட் தங்கமான மனிதன். ஆனால் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான்.

ஆர்டிஸுக்குச் சர்க்கரை வியாதியில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு, ஆறு மைல் தள்ளி வெஸ்ட்ரமில் இருக்கும் டயாலிசிஸ் சென்டரில் அவளுக்கு ஒரு நாற்காலி. ஏழு இருபதுக்குள் போகாவிட்டால் அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும். இரண்டு நாள் தவறினால் மூச்சு வாங்கும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பனிக்காலத்தில் சாலையில் போடும் உப்பு அவர்கள் காரின் பழைய பிளேட்டைத் தின்றுவிட்டது. நம்பர் தெரியவில்லை, மாற்றுங்கள் என்று நோட்டீஸ் வந்தது. லாய்ட் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வாகனத் துறை ஆபீசுக்குப் போனான். துணைக்கு நானும் போனேன்.

"சாதா பிளேட் வர பதினோரு வாரம் ஆகும்," என்றாள் கவுன்டரில் இருந்த பெண். எங்கள் மாநிலத்தில் பிளேட் அடிப்பது ஜெயில் பட்டறையில். 1965 அச்சை மாட்டுவதற்காக இன்றைய அச்சைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்களாம்.

"திங்கக்கிழமை என் மனைவிக்கு டயாலிசிஸ் இருக்குங்க."

"அப்போ கருநீலம் வாங்கிக்கோங்க சார். இப்பவே கையில தரேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"கலர்தான்."

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவளுக்கும் அவ்வளவுதான் சொல்லியிருந்தார்கள். டைரக்டர் ஸ்டான்விக் அசல் தன்மையில் கறாரான ஆள். கலர் மட்டும் அசலாக இருந்து நம்பர் புதிதாக இருந்தால் அது மோசடி என்று நினைத்து, 1965-இல் கொடுத்த அதே நம்பர்களை மறுபடி கொடுக்கச் சொல்லிவிட்டார். துறையின் கம்ப்யூட்டர் எதையும் மறக்காது. லாய்டின் நம்பரைப் பார்த்தது. இந்த வண்டி 1965-இல் பதிவானது என்று சொன்னது. இல்லை என்று அதனிடம் சொல்ல வேண்டிய வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

ஆகவே அந்தத் திங்கட்கிழமை, லாய்டின் ஏழு வருஷக் காருக்கு அறுபது வயதாகியிருந்தது.

புதன்கிழமை டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது ஷெரீஃப் ஆபீஸ் போலீஸ்காரன், டெப்யுட்டி கைல், அவர்களை நிறுத்தினான். கைல் எட்டாம் வகுப்பில் ஒரு வருஷத்துக்குள் மூன்று பாட்டிகளைச் சாகடித்து லீவு எடுத்தவன் என்பது ஆர்டிஸுக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அதனால் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினான்.

"மிஸஸ் ஹெம்ப்கே, மெஷின்ல இது பாரம்பரிய வாகனம்னு வருது. இத ரோட்டுல ஓட்டக் கூடாது."

"ரோட்டுல ஓட்டாம வேற எங்கடா ஓட்டறது?"

"ஊர்வலத்துக்குப் போலாம், கண்காட்சிக்குப் போலாம், கார் கிளப் கூட்டத்துக்குப் போலாம். அப்புறம் ஆகஸ்ட் மாசம் பூரா எங்க வேணாலும் போலாம்."

அப்போது அக்டோபர்.

"அப்ப என் கிட்னியை ஆகஸ்ட் வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லட்டுமா?"

"சட்டம் அப்படி இருக்கு மேடம். இந்தத் தடவை விட்டுடறேன். அடுத்த தடவை வண்டியத் தூக்கிட்டுப் போகணும். உங்க நல்லதுக்குத்தான். குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடறாங்க இல்ல, பாரம்பரியம் துருப்பிடிச்சிடும்னு சர்க்குலர் வந்திருக்கு."

மறுநாள், காரைக் கொண்டுபோய்க் காட்ட ஒரு தடவை மட்டும் கைலிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, லாய்டும் நானும் துறையின் விசாரணை அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தோம். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். லாய்ட் கார் வாங்கிய ரசீதை நீட்டினான்.

"இதுல நீங்க வண்டி வாங்கின தேதிதான் இருக்கு," என்றார். "வண்டி பொறந்த தேதி இல்லையே?"

"சார், இதுல ரிவர்ஸ் கேமரா இருக்கு," என்றேன் நான். "1965-ல ரிவர்ஸ் எடுக்கணும்னா கழுத்தைத் திருப்பித்தான் பாக்கணும்."

அவர் எழுந்து வெளியே போய்க் காரைப் பார்த்தார். இருபது நிமிஷம் பார்த்தார். குனிந்து அடியில் கூடப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"ரிவர்ஸ் கேமரா ஒண்ணு. ஏர் பேக் ஆறு. சீட்டுக்கு ஹீட்டர் வேற. அசல் பாகம்னு ஒண்ணுகூட மிச்சமில்லை. மிஸ்டர் ஹெம்ப்கே, பதினெட்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன். ஒரு வரலாற்றுச் சின்னத்த இப்படிச் சின்னாபின்னமாக்கினவர நான் பார்த்ததே இல்லை."

"மன்னிச்சிடுங்க சார்," என்றான் லாய்ட்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜைக்கு அடியில் அவனை ஓர் உதை விட்டேன். அது மேஜைக் காலில் பட்டு என் கட்டைவிரல் ஒரு வாரம் வீங்கியிருந்தது.

"பிளேட்டத் திருப்பிக் கொடுத்துடறோம் சார்," என்றேன்.

"தாராளமா கொடுங்க. பிளேட்டத் திருப்பலாம், வயசத் திருப்ப முடியாது. அறுபது வயசான வண்டி மறுபடி ஏழு வயசு எப்படி ஆகும்? கம்ப்யூட்டர்ல வயசு ஏற வழி இருக்கு, இறங்க வழி இல்லை."

"யாரு சொன்னா இறங்கும்?"

"பாரம்பரியக் குழு சொன்னா இறங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை கூடும்."

"எப்போ?"

"ஆகஸ்ட்ல. குழுவில இருக்கறவங்க எல்லாருமே பழைய வண்டி வெச்சிருக்கறவங்க. அப்பதான் அவங்களால கூட்டத்துக்கு வர முடியும்."

போகும்போது லாய்டின் கையில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். பாரம்பரிய வாகனத்தை வெயில் படாத இடத்தில் வைத்து, மெல்லிய துணியால் துடைத்து, அவ்வப்போது அதனோடு நேரம் செலவிட வேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

நான் ஓட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். என் கண் பார்வை போதாது என்று லைசென்ஸை மூன்று வருஷம் முன்பே இதே துறை பிடுங்கிக்கொண்டது. அதில் மட்டும் அவர்கள் கணக்கு சரி. நோயாளிகளை ஏற்றிப் போகும் வேனுக்கு நாற்பது பேர் காத்திருந்தார்கள். கொஞ்ச நாள் சர்ச்சில் இருந்தவர்கள் முறை வைத்து ஆர்டிஸைக் கூட்டிப் போனார்கள். நவம்பர் பதினைந்து வந்தது, மான் வேட்டைக் காலம் தொடங்கியது. பாஸ்டர் உட்பட ஊரே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. எங்கள் ஊரில் அந்த இரண்டு வாரம் யாருக்கும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். சாவு கூடக் கொஞ்சம் தள்ளிப் போனால் நல்லது.

லாய்ட் கையைப் பிசைந்துகொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தான். ஆர்டிஸ் பூதக் கண்ணாடியை வைத்துச் சட்டப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நடக்கறத நிறுத்து லாய்ட், தலை சுத்துது. ஊர்வலத்துக்குப் போலாம்னு போட்டிருக்கான் இல்ல?"

"ஆமா."

"அப்ப ஊர்வலமாப் போவோம்."

"என்ன ஊர்வலம்? யாரோட ஊர்வலம்?"

"நம்ம ஊர்வலம்தான். போய் கோட்டை மாட்டு."

எங்கள் மாவட்டத்துக்கான கவுண்டி ஆபீசில் ஊர்வல அனுமதி கொடுக்கும் கிளார்க் ரொம்ப மரியாதையான பையன். எங்கே தொடங்கும்? ஹெம்ப்கே வீட்டு வாசலில். எங்கே முடியும்? டயாலிசிஸ் சென்டர் வாசலில். எப்போது? திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு இருபதுக்கு. எல்லாவற்றையும் எழுதி, முடிந்ததும் அதே பாதையில் வீடு திரும்பலாம் என்றும் சேர்த்துக்கொண்டான்.

"என்ன விழா மேடம்?"

"டயாலிசிஸ்னு போட்டுக்கோ."

"அது லிஸ்ட்ல இல்லையே."

"லிஸ்ட்ல என்னதான் இருக்கு?"

"செர்ரி, மேப்பிள், பூசணி, பனிச்சறுக்கு..."

"பூசணின்னு போடுப்பா. கால் அப்படித்தான் இருக்கு."

பூசணி விழாவுக்கு நிபந்தனைகள் இருந்தன. மணிக்குப் பதினைந்து மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. முன்னால் ஒரு டெப்யுட்டி விளக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கூட்டத்துக்கு மிட்டாய் வீச வேண்டும். இசை வேண்டும். இசைக்காரர் நடந்துதான் வர வேண்டுமா என்று கேட்டேன். உட்கார்ந்தும் வரலாம், ஆனால் சத்தம் வெளியே கேட்க வேண்டும் என்றான் பையன். கழுத்தில் மாட்டி இழுத்து வாசிக்கும் அக்கார்டியன் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் சர்ச்சில் மீன் வறுக்கும்போது நான்தான் போல்கா என்னும் துள்ளல் நடன இசை வாசிப்பேன். மீன் நன்றாக இருக்கும் என்பதால் யாரும் எழுந்து போனதில்லை.

முதல் ஊர்வலம் அன்று நல்ல குளிர். முன்னால் கைலின் வண்டி சிவப்பும் நீலமுமாக மின்னிக்கொண்டு போனது. பின்னால் பதினைந்து மைல் வேகத்தில் எங்கள் வெள்ளைக் கார். நான் பின் சீட்டில், ஜன்னலை இறக்கிவிட்டு, விறைத்துப்போன விரல்களால் போல்கா வாசித்தேன். முன் சீட்டில் ஆர்டிஸ் கை கையாக மிட்டாய் வீசினாள். சர்க்கரையால் சிறுநீரகத்தை இழந்தவள் சட்டப்படி சர்க்கரை வீசிக்கொண்டு போனாள். சாலையில் கூட்டம் என்று பார்த்தால் ஒரு நாய் மட்டும் நின்றது. அது ஒரு மிட்டாயை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆறு ஐம்பதுக்கு ஆர்டிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊருக்குள் விஷயம் பரவியது. கருநீல பிளேட் வாங்கிச் சிக்கியது லாய்ட் மட்டும் இல்லை. ரொட்டிக் கடைக்காரி, குழாய் ரிப்பேர் செய்கிறவர், இரண்டு நர்ஸுகள், கணக்கு டீச்சர் என்று எல்லாருக்கும் ஆகஸ்ட் வரை வேலைக்குப் போக வழி இல்லை. ஒவ்வொருவராக வந்து, "எங்களையும் சேத்துக்குவீங்களா?" என்று கேட்டார்கள். ஆர்டிஸ் சேர்த்துக்கொண்டாள். நவம்பர் முடியும்போது பூசணி விழாவில் நாற்பத்தோரு கார்கள் வந்தன. எல்லாம் ஐந்து வருஷம், எட்டு வருஷக் கார்கள். எல்லாவற்றுக்கும் அறுபது வயது. அவரவர் வேலை செய்யும் இடம் வந்ததும் ஊர்வலத்தை விட்டுப் பிரிந்துவிடுவார்கள். ரொட்டிக்காரி மிட்டாய்க்குப் பதில் பன் வீசினாள். ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் பையை விரித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்கள்.

தலைநகரத்தில் துறையின் ஊர்வலக் கணக்கு வரைபடத்தில் எங்கள் கவுண்டியின் கோடு மட்டும் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்ததாம். டைரக்டர் ஸ்டான்விக் மறுபடி டி.வி.யில் வந்தார். "காலையில ஆறரைக்கு, இந்தக் குளிர்ல, மக்கள் தானா கிளம்பி வந்து பாரம்பரியத்தக் கொண்டாடறாங்க. யாரும் இவங்களக் கட்டாயப்படுத்தல. இதுக்கு என்ன காரணம்னு எனக்கே புரியல" என்றார். அவர் வாயிலிருந்து வந்த உண்மை அது ஒன்றுதான்.

டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை இரண்டு அங்குலம் பனி பெய்தது. எங்கள் ஊரில் அதைப் பனி என்றே சொல்ல மாட்டோம். ஆனால் பனி இருந்தால் ஊர்வலம் ரத்து என்று அனுமதிச் சீட்டில் இருந்தது. வேட்டை முடிந்து திரும்பியிருந்த சர்ச்காரர்கள் ஒருவரும் அந்த நேரத்தில் போனை எடுக்காததால் லாய்ட் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டான். தெரு முனையில் கைல் நின்றிருந்தான்.

"வேணாம் மிஸ்டர் ஹெம்ப்கே. இப்பப் போனா வண்டியத் தூக்கியாகணும். அப்புறம் திங்கக்கிழமையும் வண்டி இருக்காது."

"உன் வண்டியில கூட்டிட்டுப் போடா," என்றாள் ஆர்டிஸ்.

கைல் மேலிடத்துக்கு ரேடியோவில் கேட்டான். கைது செய்தவர்களைத்தான் ஏற்றலாம் என்று பதில் வந்தது.

"அப்ப கைது பண்ணு."

மறுபடி கேட்டான். கைது செய்தால் முதலில் ஸ்டேஷனுக்குக் கொண்டு போக வேண்டுமாம். ஸ்டேஷன் வெஸ்ட்ரமுக்கு எதிர்ப் பக்கம் பதினெட்டு மைல். அங்கே புகைப்படம் எடுத்து, கைரேகை வைத்து முடிக்க மத்தியானமாகும். கைல் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், அவன் குற்றம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை நாற்காலி போயிற்று. சனிக்கிழமை இடம் இருக்கிறதா என்று லாய்ட் பதினோரு தடவை போன் செய்தான். இல்லை.

திங்கட்கிழமை காலை ஆர்டிஸுக்குச் செருப்பு நுழையவில்லை. லாய்டின் வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலிலிருந்து கார் வரை வருவதற்குள் இரண்டு தடவை நின்றாள். எனக்கு அவள் உதட்டின் நிறம் பிடிக்கவில்லை. வாசிக்கவே மனமில்லை, ஆனால் இசை நின்றால் ஊர்வலம் ரத்து.

மூன்றாவது மைலில், தீயணைப்பு நிலையத்துக்கு முன்னால், சாலையை மறித்து மேடை போட்டிருந்தது. கருநீலத் துணியில் மஞ்சள் எழுத்தில் பேனர். மேடையில் கம்பளிக் கோட்டும் மைக்குமாக டைரக்டர் ஸ்டான்விக் நின்றார். ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லாமல் வந்திருந்தார். நேரம் ஆறு முப்பத்தெட்டு.

லாய்ட் இறங்கி ஓடினான். "சார், என் மனைவிக்கு..."

"ரெண்டே நிமிஷம்," என்றார் டைரக்டர். மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"நண்பர்களே! நான் பதவிக்கு வந்ததும் எனக்குள்ள ஒரு கேள்வி. நம்ம ஆபீசுக்கு வர்றவங்க ஏன் சந்தோஷமாத் திரும்பிப் போறதில்லை? கமிட்டி போட்டோம். வரிசையைக் குறைக்கலாமான்னு யோசிச்சோம். கவுன்டரை அதிகமாக்கலாமான்னு யோசிச்சோம். அதெல்லாம் எந்தத் துறையும் செய்யும். நாங்க கலரை மாத்தினோம்!"

கை தட்டலுக்காக நிறுத்தினார். எங்களுக்குக் கையுறை. சத்தம் வரவில்லை.

"சில பேர் குறை சொன்னாங்க. கருநீலத்துல மஞ்சள், இருட்டுல நம்பர் தெரியலேன்னாங்க. நான் சொன்னேன், பாரம்பரியம் கண்ணுக்குத் தெரியணும்னு அவசியம் இல்லை, மனசுக்குத் தெரிஞ்சா போதும். இன்னும் சில பேர், வேலைக்குப் போக முடியலேன்னு லெட்டர் போட்டாங்க. அந்த லெட்டர் ஒவ்வொண்ணையும் நான் பத்திரமா வெச்சிருக்கேன். அதுவும் ஒரு நாள் பாரம்பரியம் ஆகும்!"

ஆறு ஐம்பது.

கைல் மேடை ஓரமாகப் போய், "சார், வண்டிய விடணும், ஒரு பேஷண்ட்..." என்றான்.

"தெரியும், தெரியும், அவங்களப் பத்தித்தான் வரேன்." டைரக்டர் தாளைப் புரட்டினார். "இந்த விழாவத் தொடங்கினவங்க ஒரு பெண்மணி. ஆர்டிஸ் ஹெம்ப்கே. உடம்பு முடியாதவங்க. ஆனாலும் ஒரு நாள்கூட ஊர்வலத்தத் தவற விட்டதில்லையாம். படுத்திருக்க வேண்டியவங்கள இந்தக் குளிர்ல எது எழுப்பிக் கூட்டிட்டு வருது? அன்பு! பழமை மேல இருக்கற அன்பு! அவங்களுக்கு இன்னைக்கு ஒரு கேடயம் கொடுக்கப் போறோம். அதுக்கு முன்னாடி இந்தக் கருநீலத்த நாங்க எப்படித் தேர்ந்தெடுத்தோம்கறதச் சொல்லிடறேன். மொத்தம் பதினாலு கருநீலம் இருக்கு..."

நான் வாசிப்பதை நிறுத்தினேன். அந்த ஆளின் கழுத்தில் அக்கார்டியனை மாட்டி இழுக்க வேண்டும் போல இருந்தது.

முன் சீட்டின் கதவு திறந்தது. ஆர்டிஸ் இறங்கினாள். காரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். கேடயத்துக்கு வருகிறாள் என்று நினைத்து டைரக்டர் புன்னகை செய்தார். அவள் மேடையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். அங்கே டைரக்டரின் கறுப்புக் கார் உள்ளே சூடாக இருக்கட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டு நின்றிருந்தது. அதன் பிளேட் பளிச்சென்ற வெள்ளை. அவசர வேலைக்குப் போகும் வண்டி என்பதால் அதற்குக் கருநீலம் வேண்டாம் என்று டைரக்டரே சொல்லியிருந்தாராம்.

அவள் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். டிரைவர் திரும்பிப் பார்த்தார். டெரன்ஸ் என்ற ஆஜானுபாகுவான மனிதர்; அடுத்து நடந்ததை அவரே பிற்பாடு எங்களிடம் சொன்னார்.

"டயாலிசிஸ் சென்டர்," என்றாள். "மூணு மைல். ஏழு இருபதுக்குள்ள..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

டெரன்ஸ் மைக்கில் பேசிக்கொண்டிருந்த முதலாளியைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார்.

"சீட் பெல்ட் போட்டுக்கோங்கம்மா," என்றார்.

ஒன்பதாவது கருநீலத்தில் இருந்த டைரக்டர், தன் கார் தன் முதுகுக்குப் பின்னால் போனதைப் பார்க்கவில்லை. நாங்கள் எல்லாரும் பார்த்தோம். நாற்பத்தோரு காரிலும் ஒருவர் வாய் திறக்கவில்லை. பேச்சு முடிந்ததும் அன்றைக்கு விழுந்த ஒரே கைதட்டல் விழுந்தது. அது யாருக்கு என்று அவருக்குத் தெரியாது.

கேடயத்தோடு திரும்பியவர், "என் கார் எங்க?" என்றார்.

"என் மனைவி எடுத்துட்டுப் போயிட்டா சார்," என்றான் லாய்ட். மன்னிப்புக் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"பத்து மணிக்கு எனக்கு கவர்னரோட மீட்டிங்! யாராவது என்னத் தலைநகரத்துக்குக் கொண்டு விடுங்க. இவ்வளவு வண்டி நிக்குதே!"

கைல் தொண்டையைச் செருமினான். "எல்லாமே பாரம்பரிய வாகனம் சார். ஊர்வலப் பாதையை விட்டுத் திரும்பக் கூடாது. பாதை டயாலிசிஸ் சென்டர் வரைக்கும்தான் போகுது."

"பைத்தியக்காரத்தனமா இருக்கே! எவன் எழுதினான் இந்த விதியை?"

கைல் சட்டைப் பையிலிருந்து சர்க்குலரை எடுத்து, பிரித்து, கையெழுத்து இருந்த இடத்தில் டார்ச் அடித்துக் காட்டினான். டைரக்டர் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். சந்தேகப்பட வழியில்லாமல் அது அவர் கையெழுத்தாகவே இருந்தது.

மேடையை ஓரம் தள்ளியதும் அவர் ஆர்டிஸின் சீட்டில் ஏறிக்கொண்டார். "சீக்கிரம் போங்க," என்றார். லாய்ட் பதினைந்து மைலில் போனான். "கொஞ்சம் அழுத்துங்களேன்!" லாய்ட் பதினைந்து மைலில் போனான். நான் பின்னால் அவர் காதோரம் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததிலேயே வேகமான போல்காவை வாசித்தேன். பள்ளிப் பிள்ளைகள் ஓரமாக நின்று "மிட்டாய்! மிட்டாய்!" என்று கத்தினார்கள். வீசியே ஆக வேண்டும் என்று லாய்ட் விளக்கியதும், அவர் பையில் கையை விட்டு வீசினார்.

சென்டரில் டெரன்ஸ் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஏழு பன்னிரண்டுக்கே கொண்டு வந்து விட்டாராம்.

"சாவி!" என்றார் டைரக்டர்.

"மேடம்கிட்ட இருக்கு சார். குளிர்ல வண்டிகிட்ட நிக்காத, உள்ள வந்து காபி குடி, சாவிய நான் வெச்சுக்கறேன்னு வாங்கிட்டாங்க."

டைரக்டர் உள் கதவுக்குப் போனார். நர்ஸ் தடுத்தாள். "மெஷின் ஓடிட்டிருக்கு சார். அவங்க தூங்கறாங்க. நான் எழுப்ப மாட்டேன்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாது சார். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் நாற்காலி. டாக்சி கேட்டுப் போன் செய்தார். எங்கள் பக்கம் டாக்சி கிடையாது. கவர்னர் ஆபீசுக்குப் போன் செய்து, மூன்று பேரிடம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்றாவது ஆள் வேறு நம்பருக்குப் பேசச் சொன்னார். கடைசியில் தன் துறைக்கே போன் செய்தார். அங்கே ஒரு மெஷின், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லி இருபத்தாறு நிமிஷம் பாட்டுப் போட்டது. யாரோ எடுத்ததும் கத்தினார்.

"எழுதிக்கோங்க! அவசர வேலையில இருக்கற துறை அதிகாரிங்க பாரம்பரிய வாகனத்துல எந்த ரோட்டுலயும் எந்த வேகத்துலயும் போலாம். விதிவிலக்கு. இன்னைக்கே வரணும்!"

லாய்ட் மெல்ல எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றான். "சார், அதுலயே நோயாளிங்களையும் ஒரு வரி சேத்துட்டீங்கன்னா..."

"அதுக்கெல்லாம் குழு கூடணும்," என்றார் டைரக்டர்.

பதினொன்று இருபதுக்கு உள் கதவு திறந்தது. ஆர்டிஸ் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முழங்கையில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. களைத்துப்போயிருந்தாள், ஆனால் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. முழுதாக நாலு மணி நேரம் கிடைத்திருந்தது. லாய்ட் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. எனக்கும் கண் மறைத்தது, ஆனால் எனக்கு எப்போதுமே மறைக்கும்.

அவள் சாவியை டெரன்ஸிடம் கொடுத்து, "ரொம்ப நன்றிப்பா" என்றாள். டைரக்டர் எழுந்து அவள் முன்னால் வந்து நின்றார்.

"மேடம், இன்னைக்கு நீங்க என்ன பண்ணினீங்க தெரியுமா? நான் போக வேண்டிய இடத்துக்குப் போக முடியல. யார் யார் கிட்டயோ கெஞ்ச வேண்டியதாப் போச்சு. ஒருத்தரும் கேக்கல. நாலு மணி நேரம்! நாலு மணி நேரம் ஒரே நாற்காலியில, எதுவும் செய்ய முடியாம உக்காந்திருந்தேன். ஒரு மனுஷனுக்கு அது எப்படி இருக்கும்னு உங்களால நெனச்சாவது பாக்க முடியுதா?"

ஆர்டிஸ் அவர் விட்டு எழுந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கிண்டல் இல்லை, உண்மையான பரிவுதான் இருந்தது.

"மொத நாள் அப்படித்தான் இருக்கும் சார்," என்றாள். "புதன்கிழமை கொஞ்சம் பழகிடும்."